மூழ்கிய கப்பலின் கதையை எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் மூன்று பேர் தங்கள் கட்டுரைகளைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். மூன்றுமே அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் மூழ்கிய 'லேடி எல்ஜின்' என்ற பயணிகள் நீராவிக் கப்பலைப் பற்றியவை. படிக்கப் படிக்க, நான் ஆரம்பத்தில் செய்த தவறுகள் ஒவ்வொன்றாக வந்தன. பெயரில் எழுத்துப் பிழை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எப்படியும் கண்ணில் பட்டுவிடும்.

ஏரிதானே என்று நினைப்பது

நமக்கு ஏரி என்றால் எதிர்க்கரை தெரிய வேண்டும். மிச்சிகன் ஏரி ஏறக்குறைய 490 கிலோமீட்டர் நீளம். புயல் வந்தால் அது கடல்தான்.

தேதியைக் குழப்புவது

கப்பல் சிகாகோவிலிருந்து புறப்பட்டது 1860 செப்டம்பர் 7 இரவு. 'அகஸ்டா' என்ற பாய்மரக் கப்பல் மோதியது 8 அதிகாலை. இரண்டையும் எழுதுங்கள்.

இறந்தவர்களைத் துல்லியமாக எண்ணிச் சொல்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். மூன்று கட்டுரைகளில் மூன்று எண்கள். ஒவ்வொன்றும் கடைசி இலக்கம் வரை துல்லியம், எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர், அதே ஏரிக்கரையில் உள்ள மில்வாக்கி நகரத்தின் ஐரிஷ் குடும்பங்கள். சிகாகோவுக்கு உல்லாசப் பயணம் வந்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சாதாரணப் பயணிகளும் ஏறினார்கள். பயணிகள் பட்டியல் கப்பலோடு போய்விட்டது. அப்புறம் யாரை வைத்து எண்ணுவது? எத்தனை பேர் ஏறினார்கள் என்பதே தெரியாதபோது, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை ஒற்றை இலக்கம் வரை எப்படிச் சொல்ல முடியும்?

நானும் இதில்தான் மாட்டினேன். அந்த வாரத்துப் பத்திரிகைகளின் பெயர்ப் பட்டியல்களை அட்டவணையாக்கி, கூட்டி, ஒரு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ந்தேன். மூன்று மாத வேலை. பிறகு ஒரு குடும்பப் பெயர் இரண்டு வரிசைகளில் வேறு வேறு எழுத்தில் இருப்பது கண்ணில் பட்டது. ஒரே ஆள். நான் அவரை இரண்டு முறை சாகடித்திருந்தேன். அன்றிரவு தேடத் தேட இன்னும் பலர் கிடைத்தார்கள். ஒரு பட்டியலில் இறந்தவர், அடுத்த நாள் பட்டியலில் பிழைத்தவராக இருந்தார். அட்டவணை முழுவதையும் தூக்கிப் போட்டேன்.

'சுமார் 300' என்று எழுதுங்கள். ஏன் சுமார் என்பதற்கு ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிக்குள் அந்தக் காலத்துக் கப்பல் பயணம் எவ்வளவு பொறுப்பில்லாமல் நடந்தது என்பது தெரிந்துவிடும். பிழைத்தவர்கள் பக்கம் வந்தால் தகவல் கொஞ்சம் உறுதி. எட்வர்ட் ஸ்பென்சர் என்ற மாணவர், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அலைக்குள் திரும்பத் திரும்பப் போய் 17 பேரைக் கரைக்கு இழுத்து வந்தார். எதைச் சுமாராகச் சொல்வது, எதை உறுதியாகச் சொல்வது என்று பிரிக்கத் தெரிவதுதான் இந்த வேலையில் பாதி.

'அகஸ்டா'வின் மாலுமிகளை வில்லனாக்குவது

மோதிவிட்டு ஓடினார்கள் என்று எழுதாதீர்கள். மரம் ஏற்றி வந்த அந்தச் சிறிய கப்பலின் முன்பக்கம் நொறுங்கியிருந்தது. பெரிய நீராவிக் கப்பலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, தங்கள் கப்பல்தான் மூழ்கப் போகிறது என்று பயந்து சிகாகோவுக்கு விரைந்தார்கள். தவறான கணிப்பு, சரி. அதே நேரத்தில் 'லேடி எல்ஜின்' ஆட்கள், இடது பக்கத்து ஓட்டையைத் தண்ணீருக்கு மேல் தூக்க, சரக்காக ஏற்றி வந்த மாடுகளைக் கப்பலிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கிவிட்டது.

ஒரே பெயருள்ள கப்பல்கள்

'ஃபீனிக்ஸ்' என்று இரண்டு நீராவிக் கப்பல்கள் தீப்பிடித்து அழிந்தன. ஒன்று 1819-ல் சாம்ப்ளேன் ஏரியில், மற்றது 1847-ல் மிச்சிகனில். ஆண்டும் ஏரியும் சேர்த்தே எழுதுங்கள்.

சிதைவு கிடைத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புவது

'லேடி எல்ஜின்' 1989-ல் கிடைத்தது. ஒரே இடத்தில் கிடக்கவில்லை, ஏரியடியில் பல இடங்களில் சிதறிக் கிடந்தது. பயணிகள் பட்டியல் கிடைக்கவில்லை.