ரிமோட் சிக்னலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடிக்கு விடுமுறை நாட்களில் பக்கத்துப் பிள்ளைகள் ஆர்டுயினோ போர்டும் (புரோகிராம் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) பழைய ரிமோட்டுமாக வந்துவிடுவார்கள். எனக்கு அது பிடித்தமான நேரம். வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள்.

ரிமோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் வந்தால் 1, வராவிட்டால் 0 என்று எண்ணிக்கொள்வதுதான் அந்த இடம். பல ரிமோட்டுகளில் இருக்கும் என்இசி (NEC) என்ற சிக்னல் முறையில், எந்த பிட்டானாலும் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) 562.5 மைக்ரோ விநாடி வெளிச்சத்தோடுதான் தொடங்கும். அதற்குப் பின் வரும் இருட்டைத்தான் அளக்க வேண்டும். இருட்டும் அதே அளவு என்றால் 0, மூன்று மடங்கு நீண்டால் 1. கைத்தாளம் போடுவதை நினைத்துப் பாருங்கள்: தட்டு ஒன்றேதான், இரண்டு தட்டுக்கு நடுவே விடும் நேரம்தான் சேதி. இது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்த வெளிச்சமும் நிலையாக எரிவதில்லை, விநாடிக்கு 38,000 தடவை மினுக்குகிறது. அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும் டிஎஸ்ஓபி 1738 சென்சார் மினுக்கலை நீக்கிவிட்டுத்தான் சிக்னலைத் தருகிறது. அப்போது வெளிச்சம் இருக்கும் நேரத்தில் அதன் அவுட்புட் வோல்டேஜ் கீழே இறங்கும். இதை மறந்து தலைகீழாக புரோகிராம் எழுதுபவர்கள் நிறைய.

அப்புறம் பிட் வரிசை. என்இசியில் இட மதிப்பு குறைந்த பிட்தான் முதலில் வரும். வந்த வரிசையிலேயே எழுதிவைத்தால் 69 என்ற எண் 162 ஆகிவிடும். ஒரே பட்டனுக்கு நண்பனிடம் ஒரு எண், உங்களிடம் வேறு எண் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பட்டனை அழுத்தியே பிடித்தால் முழு எண் திரும்ப வராது. 108 மில்லி விநாடிக்கு ஒருமுறை 9 மில்லி விநாடி வெளிச்சம், 2.25 மில்லி விநாடி இருட்டு, ஒரு சிறு மினுக்கு, அவ்வளவுதான். ‘முந்தின பட்டனேதான்’ என்று அதற்குப் பொருள். பழுது என்று நினைத்து சென்சாரை மாற்றாதீர்கள்.

ஏசி ரிமோட் வேறு ஜாதி. பெரும்பாலான ஏசிகளில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் வெப்பநிலை, ஃபேன் வேகம் எல்லாம் சேர்ந்தே போகும். 24 டிகிரி காட்டும்போது பதிவுசெய்த ‘கூட்டு’ பட்டனை எத்தனை தடவை அனுப்பினாலும் 25தான் வரும்.

கடைசியாக, அதே வேலையைச் செய்யும் விஎஸ் 1838பி சென்சாரின் கால் வரிசையும் டிஎஸ்ஓபி 1738-இன் கால் வரிசையும் ஒன்றல்ல. சென்சாரின் விவரத்தாளான டேட்டாஷீட்டைப் பார்த்துவிட்டுக் கரண்ட் கொடுங்கள்.