காலேஜ் ஃபீஸுக்காக கடன்ல சிக்காம இருக்கணும்னா இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

பெரும்பாலும் தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னா, சீட் கிடைச்ச சந்தோஷத்துல அட்வான்ஸ கட்டிடுறோம், மீதிப் பணத்துக்கு எங்க போறதுன்னு அப்புறம்தான் யோசிக்கிறோம். கட்டின காசு போயிடுமேன்னு பயந்தே அடுத்தடுத்து எவ்ளோ கேட்டாலும் கடன வாங்கி கட்டிடுவோம். அதனால அட்மிஷனுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதுங்க, முதல் வருஷத்துக்கு மட்டும் இல்ல, படிப்பு முடியுற வரைக்கும் ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், எக்ஸாம் ஃபீஸ், புக்ஸ், லேப்டாப், லீவுக்கு வீட்டுக்கு வந்து போற செலவு எல்லாம் சேர்த்து. அந்த மொத்தத்த பாத்துட்டு காலேஜ முடிவு பண்ணுங்க.

ரெண்டாவது, பேங்க் எவ்ளோ தர்றேன்னு சொல்லுதோ அவ்ளோவும் எடுக்குறது. எங்க வீட்டுல அண்ணனுக்கு இதத்தான் பண்ணோம், தேவைக்கு மேல சாங்ஷன் ஆச்சு, கைல இருக்கட்டுமேன்னு முழுசும் வாங்கிட்டோம், படிக்கிறப்ப கட்ட வேண்டாம்னு சொன்னத வட்டியே கிடையாதுன்னு புரிஞ்சுக்கிட்டோம். ஆனா நிறைய லோன்ல பணம் கைக்கு வந்த நாள்ல இருந்தே வட்டி ஓட ஆரம்பிச்சிடும், கட்டுறதத்தான் தள்ளி வைக்கிறாங்க.

கணக்கா பாத்தா தெரியும். வருஷ ஆரம்பத்துல 25,000 வீதம் நாலு வருஷம் எடுத்து மொத்தம் 1 லட்சம், வட்டி 10%னு வைங்க. படிப்பு முடியுறப்ப தனிவட்டியே 25,000 ஏறியிருக்கும், அத அசலோட சேர்த்தா 1,25,000. இத 10 வருஷ இஎம்ஐயா கட்டினா மாசம் 1,650 சொச்சம், கடைசில கட்டி முடிக்கிறது 1,98,000க்கு மேல, அதாவது வாங்கினதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! அதே கடன 5 வருஷத்துல முடிச்சா 1,59,000 சொச்சத்தோட போயிடும், ஆனா மாசம் 2,650 கிட்ட கட்டணும். படிக்கிறப்பவே வட்டிய மட்டுமாவது கட்டிட்டு வாங்க, அசல் பெருசாகாது.

ஸ்காலர்ஷிப்ப பத்தி சொல்லணும்னா, நமக்கெல்லாம் எங்க கிடைக்கப் போகுதுன்னு அப்ளையே பண்ணாம விடுறவங்கதான் அதிகம், அது எனக்கு ரொம்ப வருத்தம். சின்ன தொகையா இருந்தாலும் போடுங்க, அந்த அளவுக்கு கடன் குறையுதுல்ல. கிடைச்சவங்களும் ஒரு வருஷத்துக்கா முழு படிப்புக்குமா, எத்தன மார்க் எடுத்தா தொடரும், வருஷா வருஷம் ரினிவல் பண்ணணுமான்னு கேட்டு வச்சுக்கங்க. லாஸ்ட் டேட்ட கோட்ட விட்டு ஸ்காலர்ஷிப் போனா அந்த வருஷ ஃபீஸ் அப்படியே கடனாதான் வந்து நிக்கும்.

பார்ட் டைம் வேலை நல்லதுதான், ஆனா தூக்கம் கெட்டு அரியர் விழுந்து ஒரு செமஸ்டர் கூடுதலா படிக்க வேண்டி வந்தா சம்பாதிச்சதவிட செலவு அதிகமாயிடும். பாதில நிக்கிறது அதவிட மோசம், டிகிரி இருக்காது, கடன் மட்டும் இருக்கும்.

ஃபீஸ் கட்ட கடைசி நாள்னு பதறிப்போய் கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் பக்கம் போகாதீங்க, வட்டி பொதுவா கல்விக்கடனவிட அதிகம். முதல்ல காலேஜ் ஆபீஸ்ல போய் தவணையா கட்டலாமான்னு கேளுங்க, வீட்டு வருமானம் குறைஞ்சிருந்தா அதையும் லெட்டர்ல எழுதிக் குடுங்க, அவங்க ஒத்துக்கிட்டா தேதி, தொகை எல்லாத்தையும் எழுத்துல வாங்கிட்டு வாங்க.