டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பானட்டுக்குள் போன ஈசியூ

பெங்களூரு மழையில் எங்கள் பழைய காரின் முன்கண்ணாடி ஓரம் கசியும். தண்ணீர் நேராக டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) மேல் சொட்டும். கனெக்டர் பின்களில் பச்சை பூத்து, வண்டி சிக்னலில் அணைந்துபோகும். கசிவை அடைக்கக் கண்ணாடியையே கழற்றி, துருவை வெட்டி எடுக்க வேண்டும். முதலில் ஈசியூவை இன்ஜின் பக்கம் மாற்றிவிடலாம் என்றார் அல்சூர் எலக்ட்ரீஷியன் அண்ணன்.

எனக்குப் பயம் சூட்டைப் பற்றித்தான். கேபினுக்கென்று செய்த ஈசியூக்கள் பொதுவாக 85 டிகிரி வரைதான் தாங்கும். இன்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்தில் வைத்தால் கதை முடிந்தது. அதனால் எதிர்ப்பக்கம், பேட்டரிக்குப் பின்னால், உயரத்தில் இடம் பார்த்தோம். ஜே.சி. ரோட்டில் ரப்பர் பீடிங் உள்ள பெட்டி வாங்கி, உள்ளே அலுமினியத் தகட்டில் ஈசியூவை இறுக்கினோம். வயர்கள் அடிப்பக்கமாக நுழைகின்றன; அதற்கு முன் கொஞ்சம் தொங்கவிட்டால் தண்ணீர் கீழேயே சொட்டிவிடும்.

"வயரை நீட்டுற இடத்துல சால்டர் வேணாம் தம்பி, அதிர்வுல ஒடிஞ்சிடும், கிரிம்ப் பண்ணிடலாம்" என்றார் அண்ணன். கிரிம்ப் என்றால் உலோகக் குழலில் வயரை நுழைத்து நசுக்கி இணைப்பது. இன்ஜின் சுழற்சியைக் கண்டறியும் கிராங்க் சென்சாரின் ஷீல்டு வயரை (மின் இரைச்சல் புகாதபடி உறை போட்டது) வெட்டவே விடவில்லை. எர்த்தும் பழைய இடத்திலேயே. சாவி சப்ளை, மீட்டர், ஸ்கேனர் சாக்கெட் வயர்கள் மட்டும் ரப்பர் குரோமெட் (ஓட்டையில் பொருத்தும் வளையம்) வழியாகக் கேபினுக்குள் போகின்றன.

அப்புறம் மழையில் வண்டி நின்றதில்லை. கார்பெட் மட்டும் இன்னும் நாறுகிறது. கண்ணாடி வேலை பாக்கி.