தம் பழக்கம் இருக்கிறதா? கருத்தடை மாத்திரை வாங்கும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

திருப்பூரில் மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவள் நான். மாலா டி வாங்க வரும் பெண்களிடம் "பிரஷர் இருக்குதுங்களா, சுகர் இருக்குதுங்களா" என்று கேட்டுவிடுவேன், ஆனால் "சிகரெட் பிடிப்பீங்களா" என்று கேட்க ரொம்ப நாள் எனக்கு வாய் வரவில்லை. நம்ம பக்கம் ஒரு பெண் பிடிப்பாள் என்று யாரும் நினைப்பதே இல்லை, அதனால் யாரும் கேட்பதும் இல்லை. இப்போது கேட்கிறேன். உங்களிடம் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அட்டையைத் திருப்புங்கள். பின்பக்கம் வெள்ளி நிறத்தில் பொடி எழுத்தாக மருந்தின் பெயர்கள் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அதில் 'எத்தினைல் எஸ்ட்ரடயால்' என்று இருந்தால் அது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை. மாலா என், மாலா டி இரண்டிலும் 21 மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் உண்டு, மீதி 7 வெறும் இரும்புச்சத்து. நீர்க்கட்டிக்கும் முகப்பருவுக்கும் எழுதித் தரும் மாத்திரைகள் பலவற்றிலும் இதே சரக்குதான். "நான் கருத்தடைக்குச் சாப்பிடல, பீரியட்ஸ் சரியாக வரத்தான் சாப்பிடறேன்" என்று சரவணம்பட்டி ஐடி கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் சொல்வார்கள். எதற்காகச் சாப்பிட்டாலும் ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது, கண்ணு.

ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி, ரத்தம் உறைய உதவும் புரதங்களைக் கூட்டுகிறது. புகை ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கி, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்கோ மூளைக்கோ போகும் குழாயில் ரத்தம் கட்டி அடைக்கிற வாய்ப்பு கூடுகிறது, மாரடைப்பும் பக்கவாதமும் அப்படித்தான் வருகின்றன. வயது ஏற ஏற இது வேகமாக ஏறும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 35 வயதில் கோடு போட்டிருக்கிறது. 35-ஐத் தொட்டவர் தினம் 15 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தால் இந்த வகை மாத்திரை கூடவே கூடாது. 15-க்குக் கீழே என்றாலும் பொதுவாக வேண்டாம் என்றுதான் சொல்கிறது. 35-க்குக் கீழே இருந்தால் கொடுக்கலாம், ஆனால் பிரஷர், சுகர், கொழுப்பு, கண்ணில் மின்னல் மாதிரி தெரிந்து அப்புறம் வருகிற ஒற்றைத் தலைவலி என்று வேறு எதுவும் கூட இருந்தால் கணக்கே மாறிவிடும். அந்த மின்னல் தலைவலி இருப்பவர்களுக்குப் புகை இல்லாவிட்டாலும் இந்த மாத்திரை ஆகாது.

பண்டிகை நேரத்து மாத்திரையையும் சொல்லிவிடுகிறேன். பண்ணாரியம்மன் குண்டம் நெருங்கினாலோ வீட்டில் கல்யாணம் வந்தாலோ பீரியட்ஸைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டு வருவார்கள். அது பெரும்பாலும் நோரெத்திஸ்டிரோன். அட்டையில் ஈஸ்ட்ரோஜன் என்று எழுதியிருக்காது, ஆனால் அந்த அளவில் சாப்பிடும்போது அதில் ஒரு பங்கு உடம்புக்குள் போய் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. தம் பழக்கம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதையும் வாங்காதீர்கள்.

சரி, டாக்டரிடம் எப்படிச் சொல்வது? பக்கத்து நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருப்பார், அங்கேதான் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள். ஒரு துண்டுச் சீட்டில் "தினம் 6 சிகரெட், 4 வருசமாக" என்று எழுதி, பழைய ரிப்போர்ட்டுக்கு மேலே வைத்து நீட்டிவிடுங்கள். இல்லையென்றால் பிரஷர் பார்க்க உள்ளே கூப்பிடும்போது நர்ஸிடம் "டாக்டர்கிட்ட தனியா பேசணுங்க" என்று சொல்லுங்கள். பீடியும் கணக்குதான், எப்போதாவது இழுக்கிற ஹூக்காவும் கணக்குதான். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

வழி இல்லாமல் இல்லை. காப்பர் டி-யில் ஹார்மோனே கிடையாது. டெசோஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை, ஹார்மோன் வைத்த கர்ப்பப்பைச் சாதனம் இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லை (டெசோஜெஸ்ட்ரலோடு எத்தினைல் எஸ்ட்ரடயால் சேர்த்த மாத்திரையும் விற்பனையில் இருக்கிறது, அதனால் அட்டையைப் பார்த்தே வாங்குங்கள்). அரசு ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற அந்தரா ஊசி இலவசம், அதிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லை. ஆனால் புகையோடு பிரஷரும் சுகரும் சேர்ந்திருந்தால் அந்த ஊசியையும் யோசித்துத்தான் போடுவார்கள்.

இதைப் படித்துப் பயந்து பாதி அட்டையில் நிறுத்திவிட்டு ஒன்றும் இல்லாமல் இருக்காதீர்கள். கர்ப்பத்தில் காலில் ரத்தம் கட்டும் வாய்ப்பு மாத்திரையில் இருப்பதைவிட அதிகம். டாக்டரைப் பார்த்து வேறு முறைக்கு மாறும்வரை ஆணுறை போடச் சொல்லுங்கள்.

தம்மை விடுவதுதான் பெரிய வேலை. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசினால் உதவுவார்கள். நிகோடின் சூயிங்கம் எங்கள் மாதிரிக் கடைகளிலேயே கிடைக்கும். 35 தாண்டியவர்கள் இன்றைக்கு விட்டுவிட்டு நாளைக்கே பழைய மாத்திரைக்குத் திரும்பக் கூடாது, பிரிட்டன் மருத்துவர்கள் ஒரு வருசம் பொறுக்கச் சொல்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கு. நாள் முழுக்க நின்றால் பொதுவாக இரண்டு காலும்தான் வலிக்கும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, வலித்தால் அது காலில் ரத்தம் கட்டியதாக இருக்கலாம், தைலம் போட்டு நீவாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென நெஞ்சு அடைத்தாலோ மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை மரத்தாலோ, இதுவரை வராத மாதிரித் தலை வலித்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே 108. கிளம்பும்போது அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், போனதும் டியூட்டி டாக்டரிடம் அதைக் காட்டி "நான் சிகரெட்டும் பிடிப்பேனுங்க" என்று சொல்லிவிடுங்கள்.