முகாமிலிருந்து ஊருக்கு: திரும்பிப் போகும் குடும்பத்துக்காக வேலை செய்யப்போகும் புது கன்சல்டன்டுக்கு

வேலைக் குறிப்பில் ‘எல்லை தாண்டிய ஒருங்கிணைப்பு’, ‘தன்னார்வத் தாயகம் திரும்புதல்’, ‘பாதுகாப்பு’ என்று பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டிருப்பார்கள். பயந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர் விஷயத்தில் வேலை என்னவென்றால், கும்மிடிப்பூண்டியிலோ பவானிசாகரிலோ முப்பது வருஷமாக இருக்கும் ஒரு குடும்பம் ஊருக்குப் போகிறோம் என்று முடிவெடுத்தால், இங்கே அவர்கள் கையில் இருக்கும் காகிதமும் அங்கே கேட்கப்போகும் காகிதமும் ஒரே ஆளைத்தான் சொல்கின்றன என்று ஆக்கிக் கொடுப்பது. விமான டிக்கெட் எல்லாம் கடைசி வாரத்து வேலை. அதற்கு முந்தைய எட்டு மாதம்தான் உங்கள் வேலை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தை இரண்டு முறை படியுங்கள். சம்பளம் எதற்குத் தருகிறார்கள் என்று பாருங்கள். ‘இத்தனை பேர் திரும்பியிருக்க வேண்டும்’ என்று எண்ணிக்கையை வைத்துப் பணம் தரும் ஒப்பந்தம் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆறாவது மாதம் அந்த எண்ணிக்கை உங்களைத் தள்ள ஆரம்பிக்கும், நீங்கள் குடும்பத்தைத் தள்ள ஆரம்பிப்பீர்கள். ஒரு முறை நான் அப்படி ஒன்றில் மாட்டிக்கொண்டு, கடைசித் தவணைப் பணம் வராமலேயே வெளியே வந்தேன். ‘இத்தனை குடும்பத்துக்குக் கோப்பு முழுமையாகத் தயார், போவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதில் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்வதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இங்கே நிலைமை மாறியது. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் வேலையை அரசு தொடங்கியபோது, விருப்பத்தோடுதான் போகிறார்களா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. அந்த வருஷ நடுவில்தான் ஐ.நா. அகதிகள் அமைப்பான யுஎன்எச்சிஆர் சென்னையில் உட்கார்ந்து, போகிறவர்களை நேரில் பார்த்து விருப்பத்தை உறுதி செய்யும் ஏற்பாடு வந்தது. முகாமில் வயதானவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. நீங்கள் கோப்போடு உள்ளே நுழைந்தாலே, “தம்பி, எங்களைப் போகச் சொல்றாங்களா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். இல்லை என்று அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், அதற்குப் பிறகு உட்காருங்கள்.

உள்ளே நுழைவதும் சும்மா இல்லை. முகாமுக்குள் போக அனுமதி வேண்டும், அது சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்தின் வழியாகத்தான். முகாம்களைப் பார்த்துக்கொள்ளும் தனி வட்டாட்சியர், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), கியூ பிரிவு உளவுப் போலீஸ் ஆட்கள் எல்லோருக்கும் நீங்கள் வருவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் போனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, உங்களோடு பேசிய குடும்பத்தைத்தான் மறுநாள் கூப்பிட்டுக் கேட்பார்கள். 2021-இல் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். நல்லதுதான். ஆனால் பதிவேடும், எல்லோரும் நேரில் நின்று ஆள் கணக்குக் காட்டும் தணிக்கை நாளும் அப்படியேதான் இருக்கின்றன, உங்கள் வருகையைத் தணிக்கை நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

விருப்பம் கேட்பது தனிக் கலை. குடும்பத்தை மொத்தமாக உட்கார வைத்துக் கேட்டால் ஒருவர்தான் பேசுவார். அநேகமாக வீட்டுக்காரர், சில இடங்களில் அம்மம்மா. ஒரு முகாமில் பத்துக்குப் பத்து அறையில் கணவர் ஒரு மணி நேரம் முருங்கனில் இருக்கும் வயலைப் பற்றிச் சொன்னார், மனைவி தேநீர் வைத்தார், தலையை ஆட்டினார், நானும் ‘சம்மதம்’ என்று குறித்துக்கொண்டேன். கிளம்பும்போது தண்ணீர்க் குழாய்ப் பக்கம் குடத்தோடு நின்றவர், “தம்பி, எனக்கு அங்கே யாருமில்லை, என் பிள்ளை இங்கே நர்ஸிங் படிக்குது, நான் வரேல்லை” என்றார். அன்றிலிருந்து பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, இரண்டு வெவ்வேறு நாளில் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். பெண்களிடம் பெண் ஒருவர் பேசட்டும். வயது வந்த பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள், அவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள், ‘திரும்பி’ என்ற சொல்லே அவர்களுக்குப் பொருந்தாது.

சரி, காகிதத்துக்கு வருவோம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு கோப்பை மேசையில் விரித்தால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன், பெயர் மட்டும் மாற்றிவிட்டேன். அப்பாவின் மன்னார் பிறப்புச் சான்றிதழில் ‘செபமாலை யோகராசா’. முகாம் பதிவேட்டில் ‘எஸ். யோகராஜ்’. ஆதாரில் ‘யோகராஜா செ’. ராமநாதபுரத்தில் பிறந்த மகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் வெறும் ‘யோகராஜ்’. முகாமில் எல்லோருக்கும் அவர் யோகு அண்ணன். தூதரக மேசையில் மட்டும் அவர் நான்கு பேர். இலங்கைப் பதிவில் தகப்பன் பெயர் முழுசாக முன்னால் வரும், இங்கே அது ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடும், அப்புறம் 1990-இல் படகில் வந்து இறங்கியவரிடம் பெயரைக் காதால் கேட்டு எழுதியவர் எழுதியதுதான் முப்பது வருஷம் ஓடியது. பிறந்த தேதியும் அப்படித்தான், பதிவேட்டில் தேதி இருக்காது, ‘வயது 19’ என்று இருக்கும்.

இதற்கு வழி, முதலில் அசல் எது என்று ஒன்றை நிறுத்துவது. என் வழக்கம், இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்தான் அசல், மற்றதெல்லாம் அதற்கு ஒத்து வர வேண்டும். அது தொலைந்திருந்தால் அங்கே இருக்கும் உறவினர் யாரையாவது பிரதேச செயலகத்துக்கு அனுப்பிப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர், ஏறத்தாழ எந்த வருஷம் என்று தெரிந்தால் தேடித் தருவார்கள். போரில் பதிவேடே அழிந்த இடங்கள் உண்டு, அங்கே ஞானஸ்நானப் பதிவும் பள்ளிக்கூட இடாப்பும் (பதிவேடு)தான் கைகொடுக்கும். அதன் பிறகு, இந்த நான்கு பெயரும் ஒரே ஆள் என்று ஓர் அஃபிடவிட். அங்கே அதைச் சத்தியக் கடதாசி என்பார்கள். இப்படி இரண்டு கரைச் சொல்லும் உங்கள் நாக்கில் இருக்க வேண்டும். இங்கே நிலம், அங்கே காணி. இங்கே பத்திரம், அங்கே உறுதி. இங்கே வி.ஏ.ஓ., அங்கே கிராம அலுவலர், ஊர்ச் சனத்தின் வாயில் இன்னும் விதானையார். தாலுகா ஆபீஸ் என்று நீங்கள் சொன்னால் அங்கே முழிப்பார்கள், பிரதேச செயலகம் என்று கேளுங்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை தானாக வராது. அம்மாவோ அப்பாவோ இலங்கைக் குடிமகன் என்பதால் வம்சாவளியாக உரிமை உண்டு, ஆனால் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். சட்டப்படி ஒரு வருஷத்துக்குள் பதிந்திருக்க வேண்டியது, பிந்தினால் அதற்குத் தனி அனுமதி. முகாமில் எல்லாமே பிந்தியதுதான். இதில் அடிக்கடி மாட்டிக்கொள்வது பெற்றோரின் கல்யாணப் பதிவு. கோவிலிலோ வீட்டிலோ தாலி கட்டியிருப்பார்கள், பதிந்திருக்க மாட்டார்கள். இங்கேயே பதிந்துகொள்ளச் சொல்லுங்கள், போன பிறகு செய்யலாம் என்று விட்டுவிட்டால் பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்கும் வயதில் தலைவலி.

மலையகத்திலிருந்து, அதாவது இலங்கையின் மலைத் தோட்டப் பகுதியிலிருந்து, வந்தவர்கள் கோப்பைத் தனியாக வையுங்கள். அவர்கள் கதை, இந்திய வம்சாவளியினரில் யார் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று பிரித்த 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் போய் முட்டும். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக இருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழி வந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல் வந்தது, போரால் இந்தியாவுக்கு வந்துவிட்டவர்களையும் சேர்த்துக்கொள்ள 2009-இல் திருத்தினார்கள். அதனால் தாத்தா எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், தோட்டத்துப் பதிவு எங்கே என்று தேட வேண்டிவரும். இதில் அவசரப்பட்டு ஒரு பயனும் இல்லை.

இப்போது எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தரும் விஷயம். படகில் வந்தவர்கள் அனுமதிக்கப்பட்ட துறைமுகம் வழியாக இலங்கையை விட்டு வெளியேறவில்லை, இலங்கைக் குடிவரவுச் சட்டப்படி அது குற்றம். பல வருஷமாக யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025 மே மாதம், யுஎன்எச்சிஆர் வழியாக முறைப்படி திரும்பிப் போன முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் இதே காரணத்துக்காகக் கைது செய்தார்கள். யுஎன்எச்சிஆர் உடனே திருப்பி அனுப்பும் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. ‘உங்களுக்கு ஒன்றும் ஆகாது’ என்ற வாக்கியத்தை அதோடு நான் விட்டுவிட்டேன், நீங்கள் ஆரம்பிக்கவே வேண்டாம். போகிற ஒவ்வொருவரின் பெயருக்கும் அந்தப் பக்கத்திலிருந்து எழுத்தில் என்ன உறுதி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட்டைத் தொடுங்கள். இறங்கும் ஊரில் ஒரு சட்டத்தரணியின் (வக்கீலின்) நம்பரைக் காகிதத்தில் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுங்கள், போனில் சேமித்துக் கொடுத்தால் அங்கே போனை வாங்கி வைத்துவிட்டால் என்ன செய்வார்கள்?

காணி பற்றி ஒரு வார்த்தை. அங்கே காணி இருக்கிறது என்றுதான் அநேகமாக எல்லோரும் சொல்வார்கள், அதில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. உறுதி உள்ள சொந்தக் காணியா, அரசு அனுமதியில் கொடுத்த பெர்மிட் காணியா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் வேறொருவர் ஆண்டுவிட்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பதால், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016-இல் ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள், ஆனால் வழக்குப் போட அது கொடுத்த அவகாசம் இரண்டே வருஷம். முகாமில் அது எத்தனை பேர் காதுக்கு வந்தது என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். அதனால் போவதற்கு முன்பே ஒரு உறவினர் காணிக்கு நேரில் போய், நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பட்டும், கிணறு தூர்ந்திருக்கிறதா, கண்ணிவெடி அகற்றிய பகுதியா என்பது உட்பட. அதைப் பார்த்த பிறகு ‘இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாம்’ என்று சொன்ன குடும்பங்கள் உண்டு, அதுவும் நல்ல முடிவுதான்.

நாள் குறிக்கும்போது பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். இங்கே ஜூன், அங்கே பொதுவாக ஜனவரி. ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் போகலாம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், பிள்ளை நடு வருஷத்தில் போய், படிக்காத சிங்களப் பாடத்தோடு உட்காரும். பத்தாவது, பிளஸ் டூ எழுதப்போகிற பிள்ளை இருந்தால் முடித்துவிட்டே போகட்டும், சான்றிதழில் பெயரைச் சரிபார்த்துவிட்டு. மருந்து இரண்டு மாதத்துக்கு, சீட்டோடு. மகளிர் குழுக் கடனும் அடகு நகையும் முடிந்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கை, நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி வந்த பிறகு, ஆனால் சிம் செத்துப்போவதற்கு முன், மூட வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டு, ஓ.டி.பி. வராமல் நாற்பதாயிரம் ரூபாய் இங்கே கிடந்த கதை எனக்குத் தெரியும். சாமான் கேட்பார்கள், தையல் மெஷின், குத்துவிளக்கு, கிரைண்டர். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஆரம்பித்ததிலிருந்து ‘கப்பலில் போகலாமே’ என்று கேட்காத முகாம் இல்லை. கேட்பதில் நியாயம் இருக்கிறது, விமானத்தில் ஒரு வாழ்க்கையை எடை போட்டு ஏற்ற முடியாது. ஆனால் மழைக்காலத்தில் அது ஓடாது, அதை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

முகாம் பதிவை ரத்து செய்துவிட்டால் மறுபடி சேர வழியில்லை என்பதை விருப்பம் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள், கடைசி நாளில் சொல்லக் கூடாது. 2022 மார்ச்சில், இலங்கையில் அரிசியும் எரிபொருளும் இல்லாமல் திண்டாடியபோது படகேறி ராமேஸ்வரம் பக்கம் வந்தவர்களில், முன்பு இங்கிருந்து திரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். மண்டபத்தில் தங்க வைத்தார்கள், ஆனால் பழைய பதிவு உயிர் பெறவில்லை. பாஸ்போர்ட், விசா விஷயத்தில் மத்திய அரசு 2025-இல் தந்த விலக்குகூட 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்தவர்களுக்குத்தான்.

போகிறவர்கள் பட்டியலை வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். இரண்டு கரையிலும் யார் யாருக்கு எந்தத் தேதியில் பேச வேண்டும் என்று ஒரு தாள், அவ்வளவு போதும், அதில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். போன பிறகு ஏழாம் நாள், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள் போன் செய்யுங்கள், ஒப்பந்தம் முடிந்திருந்தாலும். ‘நல்லா இருக்கிறீங்களா’ என்று கேட்டால் ‘ஓம்’ என்பார்கள். அடையாள அட்டை வந்ததா, விதானையார் பதிந்தாரா, பிள்ளை பள்ளிக்கூடம் போகுதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். யோகு அண்ணனிடம் தொண்ணூறாம் நாள் கேட்டேன். அட்டை வந்துவிட்டதாம், பெயரும் சரியாம். மகளின் விண்ணப்பம் மட்டும் தகப்பன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்று திரும்பி வந்திருக்கிறது.