ரெண்டு கிட்டார், ஒரே ஆம்ப்: மாத்தும்போது சவுண்ட் கெடாம பாத்துக்கறது எப்படி

ஏற்காட்டுல ஒரு ரிசப்ஷன்ல வாசிக்கும்போது நடந்தது இது. முதல் மூணு பாட்டு ஹம்பக்கர்ங்கற பிக்கப் இருக்கற கிட்டார், நாலாவதுக்கு ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) எடுத்து மாட்டுனேன், டிரம்மர் எண்ணி விட்டாரு, வாசிக்கிறேன், கை ஆடுது, சத்தத்தையே காணோம். ஆம்ப்ல வால்யூம ஒரு திருப்பு, ட்ரெபிள ஒரு திருப்பு, எப்படியோ பாட்ட முடிச்சேன். அஞ்சாவதுக்கு பழைய கிட்டாருக்கே வந்தேன், ஆனா ஆம்ப்ப ஏத்தி வச்சத சுத்தமா மறந்துட்டேன், முதல் கார்டுக்கே முன்னாடி ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருந்த தாத்தா ஸ்பூன வச்சிட்டு காத பொத்திக்கிட்டாரு. சவுண்ட் மிக்சர் பாத்த அண்ணன் நான் மேடைல இருந்து எறங்கும்போது சொன்னது ஒண்ணுதான்: "தம்பி, ஆம்ப்பு எடத்துக்கு. கிட்டாருக்கு கிட்டாரு இருக்கற வித்தியாசத்த கிட்டார்லயே தீத்துக்க."

அதத்தான் இங்க படிப்படியா எழுதறேன். புதுசா ரெண்டாவது கிட்டார் வாங்கி முழிச்சிட்டு இருக்கறவங்களுக்கு.

ஏன் இப்படி ஆகுதுன்னு ரெண்டு வரில முடிச்சிடறேன். பிக்கப்னா கம்பிக்கு கீழ இருந்து அதோட அதிர்வ சிக்னலா மாத்தற காந்தமும் சுருளும். ஸ்ட்ராட்ல இருக்கறது சிங்கிள் காயில் பிக்கப், ஒரே சுருள், சத்தம் கம்மி, பளிச்சுனு இருக்கும். ஹம்பக்கர்ல ரெண்டு சுருள், வழக்கமா சீரீஸ்ல கோத்திருப்பாங்க, அதனால சிக்னல் பலமா வரும், மிட் (பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் நடு ஒலி) தூக்கலா, ட்ரெபிள் கொஞ்சம் மழுங்கி இருக்கும். 1955ல கிப்சன்ல வேலை பாத்த சேத் லவர் இத உருவாக்குனதே அந்த ஊஊஊம்னு வர்ற கரண்ட் இரைச்சல அடக்கத்தான், தடிமனான டோன் கூடவே வந்தது. ஆக ஒரே ஆம்ப் செட்டிங் ரெண்டுக்கும் அப்படியே ஒத்து வராது, உங்க மேல தப்பு இல்ல.

முதல்ல செய்ய வேண்டியது

ரெண்டு கிட்டாருக்கும் புதுக் கம்பி போடுங்க, முடிஞ்சா ஒரே கேஜ்ல (கம்பியோட தடிமன்). ஒண்ணுல புதுசு, இன்னொன்னுல ஆறு மாச துருன்னா நீங்க பிக்கப்ப கம்பேர் பண்ணல, துருவத்தான் கம்பேர் பண்றீங்க. சேலம் வெயிலுக்கு விரல் வேர்வையிலயே கம்பி ஒரு மாசத்துல செத்துடும். கேபிளும் ஒண்ணே இருக்கட்டும், ஏன்னா கேபிள் நீளமாக நீளமாக ட்ரெபிள் குறையும், ஒண்ணுக்கு 3 மீட்டரும் இன்னொன்னுக்கு 6 மீட்டரும் போட்டுட்டு இந்த கிட்டார் மழுங்கல்னு பழி போடக்கூடாது.

ஆம்ப்ப நடுவுல வைங்க

பேஸ், மிடில், ட்ரெபிள் மூணும் 12 மணில. கெயின் (ஆம்ப்புக்குள்ள சிக்னல எவ்வளவு ஏத்தணும்ங்கற நாப்) கம்மியா, கிளீன் சேனல் (சத்தம் கிழியாத சேனல்). ரிவெர்ப், டிலே எல்லாம் ஆஃப். அப்புறம் வால்யூம், இதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. ராத்திரி பெட்ரூம்ல மெதுவா வச்சு டோன் செட் பண்ணா மேடைல அது வேற ஏதோவா கேக்கும், ஏன்னா சத்தம் கம்மியா இருக்கும்போது நம்ம காதுக்கு பேஸும் ட்ரெபிளும் எடுபடாது, 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் அளந்து எழுதி வச்சிருக்காங்க. அதனால மேடைல வாசிக்கிற அளவுக்கு பக்கத்துல வச்சு பண்ணுங்க. எனக்கு இதுல ஒரு வசதி, வீடு அம்மாப்பேட்டை பக்கம், பகல்ல பக்கத்து வீட்டுல நாலு தறி ஓடும், நான் என்ன சத்தம் வச்சாலும் கேக்க ஆளில்ல.

சத்தம் கம்மியான கிட்டார்ல இருந்து ஆரம்பிங்க

ஸ்ட்ராட்ட எடுங்க, வால்யூம் 10, டோன் 7 இல்ல 8. அதுக்கு காது கூசாம, அதே சமயம் உயிரோட கேக்கற மாதிரி ஆம்ப்ப செட் பண்ணுங்க. ஏன் இதுல ஆரம்பிக்கணும்னா, பலமான கிட்டார குறைக்க முடியும், பலம் இல்லாததுக்கு கிட்டார்ல இருந்து பலம் சேக்க முடியாது. ஒரு குறிப்பு: பழைய வயரிங் இருக்கற ஸ்ட்ராட்ல பிரிட்ஜ் பிக்கப்புக்கு (கம்பி உடம்புல முடியற பக்கம் இருக்கறது) டோன் நாபே கிடையாது, ரெண்டு டோன் நாபும் நெக்குக்கும் (கழுத்துப் பக்கம் இருக்கறது) நடு பிக்கப்புக்கும் தான். பிரிட்ஜ்ல வச்சிட்டு டோன திருகு திருகுன்னு திருகி ஒண்ணும் ஆகலையேன்னு நான் ஒரு வாரம் சுத்துனேன், கிட்டார் ரிப்பேர்னே நெனச்சேன்.

இப்ப ஆம்ப்ல இருந்து கைய எடுத்துடுங்க. ரெண்டு கிட்டாரும் கிளீன்ல ஒத்துப்போற வரைக்கும் அத தொடக்கூடாது.

பிக்கப் உயரம்

பாதி பிரச்சனை இங்கயே தீரும், ஒரு திருப்புளியும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். ஜாமெட்ரி பாக்ஸ் பிளாஸ்டிக் ஸ்கேல் வேணாம், அதுல பூஜ்ஜியத்துக்கு முன்னாடி கொஞ்சம் வெத்து இடம் இருக்கும், அளவு தப்பும். காசு சொருகி அளக்கலாம்னும் பாக்காதீங்க, நம்ம ஒரு ரூபா காசு காந்தத்துல ஒட்டும், பிக்கப்ல இருக்கறது காந்தம்.

கடைசி ஃப்ரெட்ல கம்பிய அழுத்திப் பிடிச்சிட்டு, கம்பியோட அடிப்பக்கத்துல இருந்து பிக்கப் மேல இருக்கற போல் பீஸ் (ஒவ்வொரு கம்பிக்கும் கீழ தெரியற சின்ன உலோகத் தலை) வரைக்கும் அளங்க. பழைய மாதிரி ஸ்ட்ராட் பிக்கப்புக்கு தடிக் கம்பி பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிசுக் கம்பி பக்கம் 2 மில்லிமீட்டர்னு ஆரம்பிங்க. ஹம்பக்கருக்கு பிரிட்ஜ்ல 1.6, நெக்ல 2.4. இது ஆரம்ப அளவுதான், சட்டம் இல்ல. ஸ்க்ரூவ வலது பக்கம் திருப்புனா பிக்கப் மேல வரும், இடது பக்கம்னா எறங்கும், ஒவ்வொரு தடவையும் அரை சுத்துக்கு மேல போகாதீங்க. அரை சுத்து, ஒரு ஈ மேஜர் கார்டு, கேளுங்க. மறுபடி அரை சுத்து.

ஸ்ட்ராட் சத்தம் பத்தலன்னு பிக்கப்ப கம்பிக்கு கிட்ட ஏத்தாதீங்க. காந்தம் கம்பிய இழுத்து, தடிக் கம்பில மேல் ஃப்ரெட் வாசிச்சா சுருதி சேராத மாதிரி ஒரு நடுக்கம் வரும், ட்யூனர் சரின்னு காட்டும், காது இல்லன்னு சொல்லும். அதனால ஹம்பக்கர எறக்கி வழிக்கு கொண்டு வாங்க. எறக்குனா சத்தம் மட்டும் குறையாது, கசகசன்னு இருக்கற பேஸும் தெளிஞ்சு வரும், எனக்கு இப்படித்தான் அந்த கிட்டாரே புடிச்சுது.

இன்னும் மிச்சம் இருந்தா வால்யூம் நாப்

ஹம்பக்கர் வால்யூம 7, 8க்கு எறக்குங்க. இதுல ஒரு இடைஞ்சல், வால்யூம் குறைய குறைய ட்ரெபிளும் கூடவே ஓடும். அதுக்கு வால்யூம் நாபுக்கு கீழ இருக்கற பாட்ல ஒரு குட்டி கெபாசிட்டர் சால்டர் பண்ணுவாங்க, ட்ரெபிள் ப்ளீட்னு பேரு. பொருளோட விலை ஒண்ணும் இல்ல, சால்டரிங் தெரிஞ்ச யார்கிட்டயும் குடுக்கலாம்.

இப்ப சோதிச்சுப் பாக்க மட்டும் ஆம்ப்ல கெயின் ஏத்திப் பாருங்க. கிளீன்ல ஒரு கிட்டார் பலமா இருந்தா சத்தம் கூடும், அவ்வளவுதான். ஆனா ஆம்ப் ஏற்கனவே கிழிஞ்சிட்டு (டிஸ்டார்ஷன்) இருந்தா பலமான கிட்டார் மாட்டும்போது சத்தம் பெருசா கூடாது, கிழிசல்தான் கூடும், நோட்டெல்லாம் குழம்பிப் போகும். ரெண்டையும் தனித்தனியா சோதிக்கணும், கிளீன்ல ஒத்துப்போச்சுன்னு கிளம்பிடாதீங்க.

ஈக்யூ பெடல்

பேஸ்ல இருந்து ட்ரெபிள் வரை ஒவ்வொரு பகுதியயும் தனித்தனியா ஏத்தி எறக்கற பெடல் இது. பிக்கப்பும் நாபும் பத்தலன்னா மட்டும். பாஸ் ஜிஇ-7 மாதிரி ஏழு ஸ்லைடரும் தனியா ஒரு லெவல் ஸ்லைடரும் இருக்கற பெடல் ஒண்ணு போதும், 100 ஹெர்ட்ஸ்ல இருந்து 6.4 கிலோஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொண்ணும் 15 டெசிபல் ஏத்தலாம் எறக்கலாம். அவ்வளவு எல்லாம் வேண்டியதில்ல. ஸ்ட்ராட் வாசிக்கும்போது மட்டும் மிதிங்க: 400, 800 ரெண்டும் 3 டெசிபல் மேல, 6.4 கொஞ்சம் கீழ, லெவல் 3 இல்ல 4 டெசிபல் மேல. ஆம்ப் முன்னாடி போட்டா கிழிசலும் சேந்து ஏறும், ஆம்ப்ல எஃபெக்ட்ஸ் லூப் (கிழிசல் உண்டாகற பகுதிக்கு அப்புறம் பெடல் சொருகற இடம்) இருந்து அதுல போட்டா சத்தம் மட்டும் ஏறும். மல்டி எஃபெக்ட்ஸ் (பல பெடல் ஒரே பெட்டில) வச்சிருக்கறவங்க ஒரு பேட்ச்ச (சேவ் பண்ணி வச்ச செட்டிங்) காப்பி பண்ணி ரெண்டாவதுல இத மட்டும் மாத்தி சேவ் பண்ணிடுங்க, வேல முடிஞ்சுது.

இரைச்சல பத்தி: சிங்கிள் காயில் எங்க ஏரியால தறி மோட்டார், ட்யூப்லைட் சோக் எல்லாத்தையும் இழுத்துக்கும். கிட்டாரோட அப்படியே மெதுவா சுத்தி நில்லுங்க, ஏதோ ஒரு திசைல இரைச்சல் நல்லா குறையும், எனக்கு அது சாமி ரூம் கதவு பக்கம். பிக்கப் மாத்தற ஸ்விட்ச்சோட 2, 4 இடத்துல (ரெண்டு பிக்கப் சேந்து வர்ற இடம்) நிறைய ஸ்ட்ராட் அமைதியாவே இருக்கும், நடு பிக்கப்ப தலைகீழா சுத்தியிருந்தா.

மேடைக்கு போனா

அண்ணன் சொன்னது இங்கதான் புரியும். ஏற்காடு மேல 20 கொண்டை ஊசி வளைவு ஏறி குளிருக்குள்ள போனதும் ட்யூனிங் நகர்ந்திருக்கும், ரெண்டையும் முதல்ல ட்யூன் பண்ணுங்க. அப்புறம் அந்த எடத்துக்கு தக்க மாதிரி ஆம்ப்ப ஸ்ட்ராட் வச்சு மட்டும் செட் பண்ணுங்க. ஹால்ல பேஸ் முட்டும், புல்வெளில பேஸ் காத்தோட போயிடும், அதுக்கு ஆம்ப் திருப்பறது நியாயம். வீட்டுல ரெண்டு கிட்டாரையும் ஒத்துப்போக வச்சிட்டதால ஸ்ட்ராட் சரியா இருந்தா இன்னொன்னும் அதும்பாட்டுக்கு சரியா வரும்.

ஹம்பக்கர் வால்யூம் நாப் எங்க நிக்கணும்னு சின்ன வெள்ளை டேப்ல கோடு போட்டு ஒட்டிடுங்க, மேடை இருட்டுல நம்பர் தெரியாது. கம்பி கேஜ் மாத்துனா உயரம் மறுபடி பாத்து டேப்ப புதுசா ஒட்டணும். வெயில்ல கார்ல மட்டும் கிட்டார விட்டுட்டு தட்டுவடை செட்டு சாப்பிட போயிடாதீங்க, பசை உருகி நாப்ல ஒட்டிக்கும், என்னுதுல இன்னும் அந்த பிசுபிசுப்பு போகல.