இரண்டு பழைய புடவை, ஒரு காந்தா

கல்கத்தாவில் குடியிருந்தபோது மாடி வீட்டு மாஷிமாவிடம் (வங்காளத்தில் பெரியம்மா, சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கற்றுக்கொண்டது இது. என் மகள் அப்போது என் வயிற்றில் ஏழு மாதம். பிறக்கப்போகிற குழந்தைக்குக் கடைத்துணியில் போர்வை வாங்கக் கூடாது என்று சொல்லி, என் பழைய நூல் புடவை இரண்டை எடுத்து வரச் சொன்னார்.

காந்தா என்றதும் நம் ஊரில் பட்டுப் புடவைதான் ஞாபகத்துக்கு வரும். வங்காளத்து வீடுகளில் அது நைந்த புடவைகளை அடுக்கித் தைத்த போர்வை. தையலும் பெரும்பாலும் ஒன்றுதான், நமக்கெல்லாம் தெரிந்த ஓட்டுத்தையல்.

பலமுறை துவைத்து மெத்தென்று ஆன நூல் புடவைதான் வேண்டும். கஞ்சி போக அலசி, தேய்த்து, ஒரு மீட்டருக்கு முக்கால் மீட்டர் அளவில் நான்கு துண்டு வெட்டுங்கள். நைந்த துண்டுகள் உள்ளே, நல்லவை மேலும் கீழும். மேல் துண்டு வெளிர் நிறமாக இருந்தால் தையல் எடுப்பாகத் தெரியும்.

அடுக்குவதில்தான் பொறுமை வேண்டும். துணைக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு தரையில் ஒவ்வொன்றாக விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி விடுங்கள். மூலைகளில் கனமாக ஏதாவது வையுங்கள். நான் பருப்பு டப்பா வைப்பேன். ஓரங்களை உள்பக்கம் மடித்துத் தைத்த பிறகு, நான்கு விரல் இடைவெளியில் பெரிய தையலாக ஓட்டிப் பிடியுங்கள். இதையும் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும். முதல் தடவை நான் ஒரு ஓரத்தில் ஆரம்பித்தேன். மறு ஓரம் வந்தபோது அடித்துணி சுருண்டு உள்ளே முண்டு முண்டாக நின்றது. மாஷிமா கையால் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கத்தரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் பிரித்தார்.

அப்புறம் கோலம். பழைய காந்தாக்களில் நடுவில் தாமரை இருக்கும், மூலைகளில் மரமோ மாங்காயோ. கிண்ணத்தைக் கவிழ்த்து பென்சிலால் வட்டம் போட்டு எட்டு இதழ் வரைந்தால் முதல் காந்தாவுக்குப் போதும்.

அந்தக் காலத்தில் புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவித் தைத்தார்கள். நானும் செய்து பார்த்தேன், அடிக்கடி அறுகிறது. எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத்துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். முடிச்சு அடுக்குகளுக்கு நடுவே மறைய வேண்டும். ஊசியில் மூன்று நான்கு தையல் ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பு. தையல் சீரகம் அளவு, இடைவெளி அதில் பாதி. நான்கு அடுக்கையும் ஊசி தொட்டு வருகிறதா என்று அடிக்கடி திருப்பிப் பாருங்கள்.

ஃப்ரேம் வேண்டாம். துணி மடியில் தளர்வாகக் கிடக்கட்டும். நூல் லேசாக இழுக்க, இடையில் உள்ள துணி மெல்ல எழும்பும். காந்தாவின் அலை அதுதான். ஃப்ரேமில் விறைப்பாகப் பிடித்தால் அந்த அலை சரியாக எழாது.

பூவை முடித்ததும் வெற்றிடத்தை வெள்ளை நூலால் நிரப்புங்கள். இதழின் வளைவை ஒட்டியே ஒரு வரி, அதை ஒட்டி அரை சென்டிமீட்டர் தள்ளி அடுத்தது. தாமரையிலிருந்து வரும் வரிகளும் மாங்காயிலிருந்து வரும் வரிகளும் சந்திக்கும் இடம், குளத்தில் இரண்டு கல் விழுந்தாற்போல இருக்கும். அவசரத்தில் நேர்கோடாக நிரப்பிவிடாதீர்கள். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மாதம் ஆகும்.

எல்லாம் நிரம்பிய பிறகே பெரிய தையலைப் பிரியுங்கள். சோப்பு மிதமாகப் போட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

கடைசியாக, மூலையில் பெயர். கல்கத்தாவை அடுத்த ஜோகா அருங்காட்சியகத்தில், நாட்டுப்புறக் கலைப்பொருள்களைச் சேகரித்த குருசதய் தத் திரட்டிய காந்தாக்களில் மானதாசுந்தரி என்ற பெண் தன் அப்பாவுக்காகத் தைத்தது ஒன்று உண்டு. தன் பெயரையும் அதில் எழுத்தாகத் தைத்திருக்கிறார். யார் தைத்தது, யாருக்காக என்று நீங்களும் தையுங்கள். என் மகளுடையதில் அவள் பெயருக்குக் கீழே மாஷிமாவின் பெயரை வங்காள எழுத்தில் தைத்திருக்கிறேன்.